கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்!

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள் காலையில் ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். காவிரித் தாயை வணங்கிவிட்டுப் போனவர்கள் அவளுக்கு விட்டுச்சென்ற சீதனம் கரை முழுக்கக் கிடக்கும். கற்பூர டப்பா, ஷாம்பு கவர், தண்ணீர் பாட்டில், மீன் வறுவல் சாப்பிட்ட தட்டு, கழற்றிப் போட்ட பழைய துணி... எல்லாம் இருக்கும். இங்கிருந்துதான் ராஜா வாய்க்கால் பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் பாசனத்துக்குப் போகிறது. ஆகவே இங்கே ஆற்றில் விட்ட ஒரு ஷாம்பு கவர், கீழே யாரோ ஒருவரின் வாழைத் தோப்பிலோ வெற்றிலைக் கொடிக்காலிலோ போய்த்தான் உட்காருகிறது.

"சித்த வைத்தியருக்குக் குப்பையோடு என்ன சார் வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, காய்ச்சல் என்று வருகிறவர்களிடம் 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்பதோடு, 'உங்கள் தெருவில் குப்பையை என்ன செய்கிறார்கள்?' என்றும் கேட்பது என் வழக்கம். பல நேரம் இரண்டாவது கேள்வியில்தான் நோயின் வேர் அகப்படும். பள்ளிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இதைப் பற்றிப் பேசப்போகும் ஆசிரியர்களுக்கும் குழுத் தலைவிகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதைப் பாடமாகவே எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

குப்பை தரும் மூன்று நோய் வழிகள்

முதல் வழி, புகை. விடிந்ததும் வாசலைக் கூட்டி, சருகையும் பாலிதீன் கவரையும் ஒன்றாகக் குவித்துத் தீ வைப்பது நம் ஊர்ப் பழக்கம். வெறும் சருகுப் புகையே ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் எல்லாம் கூடவே வரும். அதிலும் பி.வி.சி. எனப்படும் பைப், ஒயர் உறை வகையறாக்கள் குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு போய்விடுவதில்லை. மண்ணில் படிந்து, அந்த மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டைக்கும், அங்கே மேயும் மாட்டின் பாலுக்கும் வருகிறது. மனித உடம்பில் சேரும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எரித்தால் குப்பை ஒழிந்தது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. தேங்காய்த் தொட்டி, டீ கப், பழைய டயர், உடைந்த பக்கெட் இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீர் போதும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டியிருந்து, அடுத்த மழைக்குப் பொரியும். காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் கேட்டு வருகிறவர்களுக்கு நானும் கொடுக்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புகிறேன். ஆனால் கொல்லையில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியை நீங்கள்தான் கவிழ்த்துப் போட வேண்டும். அதற்குக் குடிநீர் கிடையாது!

மூன்றாவது வழி பற்றி நாம் நினைப்பதே இல்லை. குப்பை எடுக்கிறவரின் கை. நாம் ஒரே கவரில் சோற்றையும் பிளேடையும் உடைந்த பல்பையும் குழந்தையின் டயாபரையும் கட்டிப் போடுகிறோம். அதைப் பிரிப்பவர் ஒரு மனிதர். கீறல் விழுகிறது, சீழ் வைக்கிறது, ரணஜன்னியும் மஞ்சள் காமாலையும் வரக்கூடிய ஆபத்து இருக்கிறது. பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லுங்கள். 'சுற்றுச்சூழல்' என்றால் அவர்களுக்குத் தூரத்து விஷயம். 'அந்த அக்காவின் கை' என்றால் உடனே புரிகிறது.

மருந்துச் சாலை சொல்லும் பாடம்

குணபாட வகுப்பில் நாங்கள் படித்தது இது: சங்கு, பலகறை, முத்துச்சிப்பி, நத்தை ஓடு எல்லாமே உயிர் போன பின் ஒதுங்கிய ஓடுகள்தான். முறைப்படி சுத்தி செய்து புடமிட்டால் பற்பமாகின்றன. புடம் போட எரிப்பது எதை? மாட்டுச் சாண வறட்டியை. நாம் தின்று எறியும் முட்டை ஓட்டிலிருந்துகூட முட்டை ஓட்டுப் பற்பம் செய்கிறோம். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சுத்தியும் புடமும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.)

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. சரக்கு தனித்தனியாக வர வேண்டும். கடுக்காயும் சேங்கொட்டையும் ஒரே பையில் கலந்து, சேங்கொட்டைப் பால் கசிந்து வந்தால், எந்த வைத்தியரும் அந்தக் கடுக்காயைத் தொடமாட்டார். இரண்டும் நல்ல சரக்குதான், கலந்ததால் இரண்டும் கெட்டது. வீட்டுக் குப்பையும் அப்படியே. காய்கறித் தோல் தனியாக இருந்தால் எரு. பேப்பர் தனியாக இருந்தால் காசு. சாம்பார் ஊற்றிய பேப்பரோ கடைக்கு ஆகாது. இந்தக் கட்டுரையின் மொத்தப் பாடமும் இவ்வளவுதான்: பிறந்த இடத்திலேயே பிரிக்க வேண்டும்.

இது புதுசு என்று யாரும் மலைக்க வேண்டாம். நம் பக்கத்து வெல்ல ஆலைகளைப் பாருங்கள். சாறு பிழிந்த கரும்புச் சக்கையைக் காயவைத்து, அதையே அடுப்பில் எரித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். முன்பெல்லாம் தெருவில் மணியடித்து வரும் பேரீச்சம்பழக்காரரிடம் ஓட்டை ஈயப் பாத்திரத்தையும் பழைய இரும்பையும் போட்டுப் பழம் வாங்கித் தின்ற தலைமுறைதானே நாம்! அன்று வீட்டில் மிஞ்சியதை மாடு தின்றது, மண் தின்றது, பேரீச்சம்பழக்காரர் எடுத்துப் போனார். இன்று வந்திருக்கும் புதுப் பொருளை மண்ணால் செரிக்க முடியவில்லை. மிச்சச் சோற்றோடு கட்டி எறிந்த கவரை மாடு கவரோடு விழுங்கி, அது இரைப்பையில் தங்கி, செத்தும் போகிறது.

முன்னால் போனவர்கள்

சென்னையில் 1989-ல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, ஒரு தெருவின் வீடுகளைச் சேர்த்துச் சங்கமாக்கியது. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை வாங்கி, மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்க ஒருவரை நியமித்தார்கள். அவரைக் 'குப்பைக்காரர்' என்று கூப்பிடாமல் 'தெருவை அழகுபடுத்துபவர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறினால் மரியாதை மாறுகிறது என்பது அதில் நமக்குள்ள பாடம்.

நம் மாவட்டத் தலைநகரான நாமக்கல், 2000-களின் தொடக்கத்தில் 'குப்பையில்லா நகரம்' என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. வீடு வீடாகப் போய் வாங்குவது, தரம் பிரிப்பது, மக்குவதை உரமாக்குவது, மற்றதை விற்பது. இவ்வளவுதான் செய்தார்கள். அதாவது, இது நம் மண்ணில் நடந்து காட்டிய காரியம்.

பள்ளிகளுக்கென்றே பாடம் தயாரித்தவர்களும் உண்டு. ஆரோவில்லில் இயங்கும் 'வேஸ்ட்லெஸ்' அமைப்பு, 'கார்பாலஜி 101' என்ற பெயரில் குப்பையைப் பற்றிச் சிறுவர்களுக்கு விளையாட்டும் செய்முறையுமாகப் பாடத்தொகுப்பு உருவாக்கியது. பிள்ளைகள் கேட்டு மறப்பார்கள், கையால் செய்தால் மறக்கமாட்டார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததா!

உலக உதாரணமும் ஒன்று. ஜப்பானில் கமிகாட்சு என்ற மலைக்கிராமம், இனி எரிப்பதுமில்லை புதைப்பதுமில்லை என்ற இலக்கை 2003-ல் அறிவித்து, குப்பையை 45 வகையாகப் பிரிக்கும் அளவுக்குப் போனது. நமக்கு 45 வேண்டாம். மூன்று போதும்.

பள்ளிக்கு நான்கு வாரப் பாடம்

உங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இருந்தால் அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஆர்வமுள்ள இருபது பேர் போதும்.

*முதல் வாரம்: எடை போடுதல்.* பிரசங்கம் எதுவும் வேண்டாம். ஒரு தராசு வையுங்கள். தினமும் பள்ளியில் சேரும் குப்பையை வகை பிரித்து எடை போட்டுக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். சத்துணவில் வாரத்துக்கு 5 நாள் முட்டை. 200 பிள்ளைகள் முட்டை சாப்பிடும் பள்ளியென்றால், ஓடு ஒன்றுக்கு 5 கிராம் வைத்தாலும் தினமும் 1 கிலோ, வாரத்துக்கு 5 கிலோ. 'இவ்வளவா!' என்று பிள்ளைகளே வாயைப் பிளப்பார்கள். அந்த ஆச்சரியம்தான் பாடத்தின் முதல் படி. கணக்கு ஆசிரியருக்கும் நல்ல உதாரணம் கிடைக்கும்.

*இரண்டாம் வாரம்: மூன்று கூடை.* பச்சைக் கூடை மக்குவதற்கு: காய்கறித் தோல், வாழை இலை, மிச்ச உணவு, முட்டை ஓடு. நீலக் கூடை காய்ந்ததற்கு: பேப்பர், அட்டை, பாட்டில், இரும்பு. சிவப்புக் கூடை ஆபத்தானதற்கு: பேட்டரி, உடைந்த கண்ணாடி, பல்பு. சிவப்பைப் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். குப்பையை உண்டாக்குபவரே பிரித்துத் தர வேண்டும் என்பதை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வற்புறுத்தின. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 என்றால் கெட்டியான கேன் வகை. இவற்றைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் வாங்குவார். பிஸ்கட், சிப்ஸ் கவரைப் பெரும்பாலும் வாங்கமாட்டார், ஏனென்றால் அதில் பல அடுக்குகள் ஒட்டிக்கிடக்கின்றன. 'விலை போகாததை ஏன் வாங்கினோம்?' என்ற கேள்வி பிள்ளைகளுக்குத் தானாக வரும்.

*மூன்றாம் வாரம்: எருக்குழி.* நிழலான இடத்தில் 3 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். அடியில் அரை அடிக்குத் தேங்காய் நார், சருகு. அதன் மேல் ஒரு சாண் பச்சைக் கழிவு, அதன் மேல் இரண்டு சாண் சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல். இப்படியே அடுக்கி, சாக்கால் மூடுங்கள். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் நாளாகும். (ஓட்டைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.) வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உதிர்ந்தும் போகக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் சருகு போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, புது மழை பெய்த மண்போல வாசம் வரும். அதைப் பள்ளித் தோட்டத்தில் கீரைக்கும் முருங்கைக்கும் போடுங்கள்.

*நான்காம் வாரம்: வேண்டாம் என்று சொல்லுதல்.* மறுசுழற்சி மூன்றாவது படிதான். முதல் படி குறைப்பது, இரண்டாவது படி திரும்பப் பயன்படுத்துவது. பத்தியம் இருந்தால் பாதி மருந்து குறையும் இல்லையா, அதுபோல! பிறந்தநாள் சாக்லெட்டுக்குப் பதில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுப்பது, ஆண்டு விழாவில் எவர்சில்வர் டம்ளர், கடைக்குப் போக மஞ்சப்பை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. சட்டம் வந்தும் பழக்கம் மாறாவிட்டால் பிரயோஜனமில்லை. பழக்கம் வீட்டுக்குள் நுழைவது பிள்ளைகள் வழியாகத்தான்.

ஒரு எச்சரிக்கை: ஊர்க் குப்பையை எல்லாம் பிள்ளைகளை வைத்து அள்ளச் சொல்லாதீர்கள். அது படம் எடுக்க நன்றாக இருக்கும், பாடமாக இருக்காது. அவரவர் உண்டாக்கிய குப்பையை அவரவர் பிரிப்பதே பாடம். பிள்ளைகளில் இன்ன சாதிப் பிள்ளை, இன்ன வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கூடை தூக்கச் சொல்லவே கூடாது. தலைமை ஆசிரியர் முதல் நாள் தானே ஒரு கூடையைத் தூக்கினால், மீதிப் பேச்சுக்கு அவசியமே இருக்காது.

மகளிர் குழுக்களுக்கு

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் சேமிப்பைக் கற்றுக்கொடுத்தன. இதுவும் சேமிப்புதான். வாரக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீடும் காய்ந்த பொருளை ஒரு சாக்கில் சேர்த்து, மாதம் ஒருநாள் மொத்தமாக எடைக்குப் போட்டு, பணத்தைக் குழுக் கணக்கில் வரவு வையுங்கள். தனியாகப் போட்டால் கிடைப்பதைவிட மொத்தமாகப் போட்டால் பேரம் பேச வசதி. பால் கவரைக் கழுவிக் காயவைத்தே சேர்க்க வேண்டும். கவரின் மூலையை வெட்டும்போது துண்டாக விழாமல் பாதியோடு நிறுத்துங்கள். அந்தக் குட்டித் துண்டை எந்தக் கடையும் வாங்காது, எந்தத் துடைப்பமும் விடாமல் கூட்டாது.

கூட்டங்களில் கேட்கும் கேள்விகள்

*"ஏனுங்க டாக்டர், நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டிக்கறாங்க?"*

சில இடத்தில் உண்மைதான். அதற்காகப் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள். மக்குவது உங்கள் வீட்டு எருக்குழிக்குப் போய், காய்ந்தது எடைக்குப் போய்விட்டால், வண்டிக்குக் கொடுக்க ஒரு பிடிதான் மிஞ்சும். அதோடு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபைக்குப் போய், 'தனித்தனியாக வாங்க வேண்டும்' என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். நாலு பெண்கள் சேர்ந்து கேட்டால் பலன் உண்டு.

*"பேப்பர் கப்புல டீ குடிச்சாப் பரவால்லீங்களா?"*

பேப்பர் என்பது வெளியேதான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. 2020-ல் ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள், இந்தக் கப்பில் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாகக் கண்டறிந்தார்கள். கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர் இவற்றை வெந்நீரில் கழுவிக் குடிப்பதே உத்தமம்.

*"ஜவுளிக்கடையில துணி மாதிரி ஒரு பை குடுக்கறாங்களே, அது மக்குமுங்களா?"*

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூலும் பாவும் ஊடும் தெரிந்தால் துணி. புள்ளிப் புள்ளியாக அழுத்தியது போலிருந்தால் அதுவும் பிளாஸ்டிக்தான். 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

*"பேத்தியோட டயாபர், நாப்கின் இதையெல்லாம் என்னங்க பண்றது?"*

கழிப்பறையிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். எடுப்பவர் பிரித்துப் பார்க்கமாட்டார். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள்.

*"எங்க அத்தை, சருகை எரிச்சாத்தான் கொசு போகும்ங்கறாங்க?"*

புகை இருக்கும்வரை கொசு கொஞ்சம் விலகும். அத்தைக்கு இளைப்பு இருந்தால் இளைப்பு அதிகமாகும். சருகை எருக்குழிக்குப் போடுங்கள். தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். கொசு பிறக்கவே பிறக்காது.

இன்றைக்கே தொடங்க

சமையலறையில் இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஈரம், ஒன்றில் காய்ந்தது. பிளேடு, ஊசி, பேட்டரிக்கு அலமாரியில் ஒரு மூடி போட்ட டப்பா. வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். யாராவது மாற்றிப் போட்டால் கோபப்படாமல், போட்டவரையே எடுத்து மாற்றிப் போடச் சொல்லுங்கள். 21 நாள் விடாமல் செய்து பாருங்கள். வழக்கமாக நிரம்பி வழியும் குப்பைக் கவர் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று உங்கள் கையே எடை சொல்லும்.